மனவடு அறிகுறிகளின் வலைப்பின்னல்: மையத்தில் இருப்பதற்குத்தான் முதலில் சிகிச்சையா?

கேள்வி (கோத்தகிரி):
2009 நவம்பர் மண்சரிவில் வீட்டை இழந்த ஓர் அம்மாவை, ஆலோசகர் பயிற்சிக்காகச் சந்தித்து வருகிறேன் (அடையாளங்களை மாற்றியிருக்கிறேன்). தகரக் கூரையில் மழை வலுத்துவிட்டால் அவர் படுப்பதில்லை. தாழ்ப்பாளை நீக்கிவைத்துவிட்டு, பின்மேட்டில் கல் உருளும் ஓசை கேட்கிறதா என்று விடியும்வரை உட்கார்ந்திருக்கிறார். மறுநாள் தேயிலைக் காட்டில் எல்லோரிடமும் எரிந்து விழுகிறார். இத்தகைய மனவடு (பேரதிர்ச்சி மனதில் விட்டுச்செல்லும் பாதிப்பு) அறிகுறிகள் ஒன்றையொன்று தூண்டும் வலைப்பின்னல் என்று படித்தேன். அப்படியானால் அதிக இணைப்புகள் கொண்ட அறிகுறியைச் சரிசெய்தால் மற்றவை தாமாகத் தளருமா?

பதில் 1 (உதகை):
ஆம்ஸ்டர்டாம் பல்கலைக்கழகத்தின் உளவியலாளர் டென்னி போர்ஸ்பூம் முதலியோர் வளர்த்த கருத்து இது. உள்ளே மறைந்திருக்கும் ஒரே நோய்தான் எல்லா அறிகுறிகளையும் உண்டாக்குகிறது என்று கொள்ளாமல், உறக்கமின்மை எரிச்சலையும் எரிச்சல் மனவிலகலையும் வளர்ப்பதாக, அறிகுறிகளுக்கு இடையிலான உறவையே நோயாகக் கருதுகிறார்கள். சீனாவின் 2008 வென்சுவான் நிலநடுக்கத்தில் பிழைத்த 362 பேரின் தரவைக் கொண்டு உளவியலாளர் ரிச்சர்ட் மெக்நாலி குழுவினர் 2015இல் வெளியிட்ட ஆய்வில், அதீத விழிப்பும் (ஆபத்து வருமோ என்று எப்போதும் எச்சரிக்கையாக இருத்தல்) திடுக்கிடலும் வலுவாக இணைந்திருந்தன. அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் நோயறிதல் கையேடான டி.எஸ்.எம்-5இன் 20 அறிகுறிகளைக் கொண்டு, மனவடுவுக்குப் பிந்தைய அழுத்தக் கோளாறு (PTSD) என்ற நோயறிதலை 6,36,120 விதங்களில் எட்டலாம் என்ற கணக்கைப் பார்த்தால், அறிகுறிகளைக் கூட்டிய மொத்த மதிப்பெண் மட்டும் ஏன் போதாது என்பது விளங்கும்.

பதில் 2 (கொடைக்கானல்):
உங்கள் கேள்விக்கு என் விடை: அப்படி எடுத்துக்கொள்ள இயலாது. இவ்வகை ஆய்வுகளில் பெரும்பாலானவை ஒரே சமயத்தில் பலரிடம் கேட்டுத் தொகுத்தவை. எது எதைத் தூண்டியது என்ற திசையை அவை காட்டுவதில்லை. மையத்தில் இருக்கும் அறிகுறி காரணமாக இல்லாமல், மற்றவற்றின் விளைவாகவும் இருக்கலாம். விழிப்பும் திடுக்கிடலும் நெருங்கி நிற்பதற்கு, இரு வினாக்களும் ஏறக்குறைய ஒன்றையே கேட்பதுகூடக் காரணமாகலாம் என்பது என் ஐயம். மேலும், கூட்டத்தின் சராசரி வரைபடம் அந்த அம்மாவின் வரைபடம் அன்று. மழை, உறக்கம், எரிச்சல், தவிர்த்தல் ஆகியவற்றை அவர் சொல்லச் சொல்ல நாள்தோறும் குறித்துவந்தால், அவரிடம் எது முந்துகிறது என்பதற்கு ஓரளவு தடயம் கிடைக்கும், அதுவும் ஊகமே. மனவடுவை மையப்படுத்திய அறிதல்-நடத்தைச் சிகிச்சையின் (எண்ணங்களையும் நடத்தையையும் மாற்றப் பழக்கும் பேச்சுவழிச் சிகிச்சை) பயன் ஆய்வுகளில் நிறுவப்பட்டுள்ளது. அதைத் தொடங்க வலைப்பின்னல் வரைந்து முடியும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. உங்கள் மேற்பார்வையாளரிடமும் மனநல மருத்துவரிடமும் இதைக் கொண்டுசெல்லுங்கள்.

பதில் 3 (குன்னூர்):
மேலே சொன்னவற்றை ஏற்கிறேன். ஆனால் ஐப்பசி, கார்த்திகை மழையில் மேட்டடி வீட்டில் இருப்பவர் காதைத் தீட்டிக்கொண்டிருப்பதை முழுவதும் அறிகுறிக் கணக்கில் சேர்த்துவிடாதீர்கள். வலைப்பின்னல் கோட்பாடே வெளிச் சூழலையும் தூண்டுதலாகக் கணக்கில் கொள்கிறது. ஆபத்து நீங்காத இடத்தில் விழிப்பை மட்டும் தணிக்க முயல்வது சரியாகாது. இப்போது அவர் குடியிருக்கும் வீட்டின் பின்மேட்டுக்குத் தடுப்புச் சுவர் இருக்கிறதா, மழைநீர் வடிய வழி இருக்கிறதா என்று கேட்டீர்களா?