14-க்குக் கீழே 15 இல்லை

ஆலமரம் (குடும்பக் குழு)

திவ்யா, இரவு 8:12
பெரியப்பா, பிரெஞ்சு ராஜாக்கள் வம்ச சார்ட் போடுறேன். 14-ஆம் லூயிக்கு மகன்னு 15-ஆம் லூயிய எழுதிட்டேன். ஆனா அவர் பிறந்தது 1638, இவர் பிறந்தது 1710. 71 வயசுலயா?

பெரியப்பா, 8:15
மகன் இல்லம்மா, கொள்ளுப்பேரன். நடுவுல இருக்கிற ரெண்டு தலைமுறையும் லூயிதான். மகன் லூயி (1661–1711) பெரியம்மைல போனார். பேரன் லூயி, பர்கண்டி டியூக் (1682–1712), தட்டம்மைல போனார். ரெண்டு பேரும் முடி சூடல. சூடினாத்தான் நம்பர்.

சுந்தரம் சித்தப்பா, 8:17
அண்ணா, பிரிட்டனி டியூக்க விட்டுட்டீங்களே. கோடு தப்புறதே அங்கதான்.

பெரியப்பா, 8:17
நீயே சொல்லு.

சுந்தரம் சித்தப்பா, 8:21
பர்கண்டி டியூக்குக்கு மூணு பசங்க, மூணு பேரும் லூயி. மூத்தவன் பிரிட்டனி டியூக், 1704–1705. அவன் போனதும் 1707-ல பிறந்தவனுக்கும் அதே பெயர், அதே பட்டம். மூணாவது ஆன்ஜூ டியூக், 1710. அவன்தான் 15-ஆம் லூயி.
1712 பிப்ரவரில அம்மா, ஆறு நாள் கழிச்சு அப்பா. மார்ச் 8-ல ரெண்டாவது பிரிட்டனி டியூக்கும் போயிட்டான். ரத்தம் வடிக்கிறதுதான் வைத்தியம்னு நின்ன வைத்தியர்கள்கிட்ட சின்னவனக் கொடுக்காம ஒளிச்சு வெச்சது வளர்ப்புப் பொறுப்புல இருந்த மதாம் வாந்ததூர். அந்தம்மா இல்லன்னா உன் சார்ட்ல 15 வேற ஆளா இருந்திருப்பார்.

கார்த்தி, 8:22
அப்ப பட்டத்த வெச்சு அடையாளம் கண்டுக்கலாம்தானே?

பெரியப்பா, 8:26
அதுவும் காலை வாரும்டா. பட்டம் கை மாறிட்டே இருக்கும். 14-ஆம் லூயியோட தம்பி பிலிப்பும் சின்ன வயசுல ஆன்ஜூ டியூக். 14-ஆம் லூயியோட பேரன் ஒரு பிலிப்பும் ஆன்ஜூ டியூக், 1700-ல ஸ்பெயின் ராஜா 5-ஆம் பிலிப் ஆனார். பிரான்ஸ்ல 1316–1322 ஆண்ட 5-ஆம் பிலிப் வேற. 16-ஆம் லூயியோட அண்ணன் லூயி ஜோசப் சேவியரும் பர்கண்டி டியூக், 1751–1761.
திவ்யா, ஒவ்வொரு கட்டத்துலயும் மூணு எழுது: பெயர், பட்டம், பிறப்பு–இறப்பு வருஷம். நம்பர் இருந்தா கடைசியா ஓரத்துல போடு. வருஷம் இல்லாத கட்டம் வேண்டாம்.

சுந்தரம் சித்தப்பா, 8:28
அடைமொழியையும் நம்பாத. ‘துணிச்சல்காரர்’ பிலிப்னு ராஜா ஒருத்தர் (3-ஆம் பிலிப், ஆண்டது 1270–1285), பர்கண்டி டியூக் இன்னொருத்தர் (1342–1404).

திவ்யா, 8:30
17 எங்க? 16-க்கு அப்புறம் 18-னு போட்டிருக்கு. அதுவும் 18 அவரோட தம்பியாம்.

பெரியப்பா, 8:34
நம்பருக்கு முடி சூடணும்னு சொன்னேன்ல, அதுக்கு விதிவிலக்கு இவன். 17 லூயி சார்ல், 16-ஆம் லூயியோட ரெண்டாவது பையன். 1795 ஜூன் 8, தாம்ப்ல் சிறையில 10 வயசுல இறந்தான். ஒரு நாள்கூட ஆளல. அப்பா தலை போன 1793-லயே இவன்தான் ராஜான்னு அரச கட்சிக்காரங்க எண்ணிட்டாங்க. அதனாலதான் சித்தப்பா லூயி ஸ்தானிஸ்லாஸ் 17-னு வெச்சுக்காம 18-னு வெச்சுக்கிட்டார். அவர் நிஜமா ஆண்டது 1814-ல இருந்துதான். 17-க்குப் புள்ளிக் கோடு போடு.

கார்த்தி, 8:35
பிழைச்சுத் தப்பிட்டான்னு யாரோ சொல்வாங்களே?

சுந்தரம் சித்தப்பா, 8:37
நான்தான் அந்தப் பையன்னு கிளம்பினவங்க ஏராளம். பிரேதப் பரிசோதனைல எடுத்து வெச்ச இதயத்த 2000-ல டிஎன்ஏ பார்த்தாங்க. அவன் அம்மா மரி அந்துவானெத்தோட தாய்வழிக்குப் பொருந்துச்சு. 2004-ல சான் தெனி பேராலயத்துல வெச்சுட்டாங்க.

மீனா அத்தை, 8:40
நம்ம புதுச்சேரி எந்த லூயி?

பெரியப்பா, 8:42
1674-ல பிரான்சுவா மர்த்தேன் வந்தப்ப 14. துப்ளே கவர்னரா இருந்தப்ப (1742–1754) 15. 1761-ல ஆங்கிலேயர்கிட்ட விழுந்தப்பவும் 15-தான்.

திவ்யா, 8:43
கடைசியா 1830-ல வந்த லூயி பிலிப்? 19-ஆ?

சுந்தரம் சித்தப்பா, 8:45
இல்ல. அது கூட்டுப் பெயர், அதனால முதலாம் லூயி பிலிப். ஓர்லேயான் கிளை, 14-ஆம் லூயியோட தம்பி வழி. அவரோட அப்பா, தாத்தா பெயரும் லூயி பிலிப்தான். அதுக்கும் வருஷம் போடு.

திவ்யா, 9:20
(படம்) முடிச்சாச்சு!

பெரியப்பா, 9:24
15-க்கு அப்பா கட்டத்துல ‘பர்கண்டி டியூக், 1751’னு இருக்கு பாரு.

திவ்யா, 9:25
ஐயோ. 1682!