கொத்தியும் டிராகுலாவும் ஒன்றா?

கோண்டாவில் தம்பி:
அக்காவுக்குப் பிள்ளை பிறந்து 12 நாள். ஆஸ்பத்திரியால் வந்த அன்றே அம்மம்மா தலைமாட்டில் பாக்குவெட்டியும் கதவு நிலையில் வேப்பிலையும் வைத்துவிட்டா, இல்லாவிட்டால் கொத்தி என்ற பேய் வந்து பிள்ளை பெற்றவளின் இரத்தத்தைக் குடித்துவிடுமாம். மூத்த மருமகன் டிராகுலா படம் பார்க்கிறவன், "இரண்டும் ஒரே ஆளா மாமா?" என்று கேட்கிறான். இரத்தம் குடிக்கிற பேய் அங்கேயும் இங்கேயும் எப்படி வந்தது? தெரிந்தவர்கள் சொல்லுங்கோ.

மருத்துவிச்சி பேத்தி:
தம்பி, பாக்குவெட்டிக்காக அம்மம்மாவோடு சண்டை பிடிக்க வேண்டாம். என் ஆச்சி வீடு வீடாகப் போய்ப் பிள்ளைப்பேறு பார்த்தவ, பிள்ளை பிறந்த கையோடு பந்தம் கொளுத்தி வளவைச் சுற்றிக் கொத்தியை ஒழுங்கை மட்டும் கலைத்துவிட்டு வருவா. நச்சுக்கொடி முழுதாக விழாவிட்டால் இரத்தம் நிற்காது, சீலை சீலையாக நனையும், சில மணித்தியாலத்தில் தாய் வெளுத்துப் போய்விடுவாள். அதைக் கண்ட சனம் எதுவோ குடிக்கிறது என்று நினைத்ததில் என்ன பிழை? இப்போதும் அக்காவுக்கு இரத்தப்போக்குக் கூடினாலோ காய்ச்சல் வந்தாலோ உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கோ.

வாசிகசாலை அண்ணை:
டிராகுலா 1897இல் பிராம் ஸ்டோக்கர் எழுதிய நாவல். பயம் அதற்கு முந்தியது. 1725இல் செர்பியாவில் கிசிலியெவோ என்ற ஊரில் எட்டு நாளுக்குள் 9 பேர் செத்தார்கள், முன்பே இறந்த ஒருவர்தான் வந்து கழுத்தை நெரித்தார் என்று சாகும்போது சொன்னார்களாம். குழியைத் தோண்டினால் நகம் புதிதாக, வாயில் இரத்தம். நெஞ்சில் கழு ஏற்றி எரித்தார்கள். அவர்கள் கண்டது பொய்யில்லை: பிணத்தின் தோல் சுருங்கும்போது நகமும் முடியும் வளர்ந்தது போலத் தெரியும், வயிற்றில் சேரும் வாயு கறுத்த திரவத்தை வாய்க்குத் தள்ளும். 1755இல் ஆஸ்திரியாவின் மரியா தெரேசா மகாராணி தன் வைத்தியரை விசாரிக்கச் சொல்லி, பிறகு இப்படிக் குழி தோண்டுவதையே தடை செய்தா.

மாமரத்து வளவு:
மருமகனுக்கு இதையும் சொல்லுங்கோ. இரத்தம் குடிக்கும் வௌவால் உண்மையிலேயே உண்டு, 3 இனம், மெக்சிகோவிலிருந்து தெற்கே தென் அமெரிக்கா வரை. உறிஞ்சாது, மாட்டுத் தோலில் சின்னதாக வெட்டி நக்கும், எச்சில் இரத்தத்தை உறைய விடாது. இரண்டு மூன்று இரவு கிடைக்காவிட்டால் செத்துவிடும் என்பதால் பசித்த கூட்டாளிக்கு வாயால் கக்கிக் கொடுக்கும்.

கோண்டாவில் தம்பி:
அக்காவிடம் கேட்டேன், நேற்றிலிருந்து காய்ச்சல் காய்கிறதாம், ஒருவருக்கும் சொல்லவில்லை. விடியும் வரை பார்க்காமல் இப்பவே ஓட்டோ பிடிக்கிறோம். பாக்குவெட்டி அம்மம்மாவின் மடியில் வருகிறது.