வாஷிங் மெஷின் தண்ணீர் பால்கனியில் பொங்கி வீட்டுக்குள் வருகிறது, என்ன செய்வது?

மூன்றாம் மாடி:
வணக்கம். சென்னையில் மூன்றாவது மாடி, சொந்த வீடு. சமையலறைக்குப் பின்னால் இருக்கும் பால்கனியில் 7 கிலோ ஃப்ரண்ட் லோடு மெஷின். அதன் டிரெயின் ஹோஸைத் தரையோடு தரையாகக் கொண்டுபோய் நானி ட்ராப்பின் (தரையில் தண்ணீர் இறங்கும் குழி) ஜாலி ஓட்டைக்குள் திணித்து, நாற்றம் வராமல் இருக்க பிளம்பர் சுற்றிலும் எம்-சீல் வைத்து அடைத்துவிட்டார். சிங்க் தண்ணீரும் அதே ட்ராப்புக்குத்தான் வருகிறது. போன வாரம் மெஷின் தண்ணீரை வெளியேற்றும்போது ஜாலி வழியாகப் பொங்கி, கதவுக்கு அடியில் புகுந்து ஹால் வரை வந்துவிட்டது. சில நாள் மெஷின் தண்ணீர் பிடித்துக்கொண்டே இருக்கிறது, துவைக்கவே ஆரம்பிப்பதில்லை. தரையை உடைக்கத்தான் வேண்டுமா?

குழாய்வேலை:
உடைக்காதீங்க சார், முதலில் ஒரு சோதனை. ஜாலியைக் கழற்றி ஒரு பக்கெட் தண்ணீரை ஒரே மூச்சில் ட்ராப்பில் ஊற்றுங்கள். மேலே ஏறி நின்றால் ட்ராப்பிலோ அதற்கு அப்பால் பைப்பிலோ அடைப்பு. சிங்க் தண்ணீர் ஒழுங்காகப் போகிறதே என்று நினைக்க வேண்டாம், அது சொட்டுச் சொட்டாகப் போவது. மெஷினில் இருப்பது பம்ப், ஒரு பக்கெட் தண்ணீரை ஒரு நிமிடத்தில் தள்ளிவிடும்.

தண்ணீர் பிடித்துக்கொண்டே இருப்பது வேறு கோளாறு. ஹோஸ் தரையில் கிடப்பதால் பம்ப் ஓடாமலேயே தண்ணீர் சைஃபன் ஆகி, அதாவது தானாகவே இழுக்கப்பட்டு, வெளியே போகிறது, மெஷின் பாவம் திரும்பத் திரும்பப் பிடிக்கிறது. எம்-சீலை எடுத்துவிட்டு, 2 இஞ்ச் பிவிசி பைப் ஒன்றைச் சுவரோரம் செங்குத்தாக நிறுத்துங்கள். அதன் வாய் தரையிலிருந்து 60 முதல் 100 சென்டிமீட்டருக்குள் இருக்கட்டும், உங்கள் மெஷின் புத்தகத்திலும் உயரம் போட்டிருக்கும், பார்த்துக்கொள்ளுங்கள். ஹோஸை அதற்குள் ஐந்தாறு இஞ்ச் மட்டும் தொங்கவிட்டு கிளிப் போடுங்கள். சுற்றி இடைவெளி கட்டாயம் வேண்டும், காற்று உள்ளே போனால்தான் சைஃபன் உடையும். பைப்பின் அடியை நானி ட்ராப்பிலேயே விட்டால் போதும். ட்ராப்பைத் தாண்டி நேராக மெயின் பைப்பில் சேர்ப்பதாக இருந்தால் தனியாக ஒரு பி-ட்ராப் (தண்ணீர் தேங்கி நாற்றத்தைத் தடுக்கும் வளைந்த பைப்) வைக்க வேண்டும், இல்லையென்றால் நாற்றமும் கரப்பானும் வீட்டுக்குள் வரும். படுக்கையாகப் போகும் இடத்தில் மீட்டருக்கு 2 சென்டிமீட்டராவது சரிவு கொடுங்கள்.

கிணற்றுவீடு:
ஒன்று மட்டும் பார்த்துவிடுங்கள், அந்த பால்கனி பைப் எங்கே போய் இறங்குகிறது? எங்கள் குடியிருப்பில் இரண்டு வீடுகளின் மெஷின் தண்ணீர் மழைநீர் பைப்பில் இறங்கிக்கொண்டிருந்தது. 2003-லிருந்து தமிழ்நாட்டில் எல்லாக் கட்டடத்திலும் மழைநீர் சேகரிப்பு கட்டாயம் என்பதால் அந்த பைப் நேரே கிணற்றுக்குப் போகிறது, அதாவது சோப்புத் தண்ணீர் முழுவதும் எங்கள் கிணற்றில். வாளியில் இறைத்தால் நுரை நிற்கும். அந்தத் தண்ணீரைத்தான் எல்லோரும் புழங்குகிறோம், தயவுசெய்து இதை அலட்சியமாக விடாதீர்கள்.

இரண்டு குழந்தைகளின் அம்மா:
ஹோஸ் முனையில் பழைய காலுறையைக் கட்டினால் பஞ்சு ட்ராப்புக்குப் போகாது என்று சொல்வார்கள். நானும் கட்டினேன், மூன்றே வாரத்தில் அதுவே அடைத்துக்கொண்டது. கட்டுவதாக இருந்தால் வாரம் ஒருமுறை கழற்றி அலசுங்கள். அப்புறம் பால்கனி வாசலில் ஒரு இஞ்ச் உயரத்துக்கு கிரானைட் பட்டை ஒட்டிவிடுங்கள், என்றைக்காவது பொங்கினாலும் ஹாலுக்கு வராது.

மூன்றாம் மாடி:
எல்லோருக்கும் நன்றி. இன்று காலை ஜாலியைக் கழற்றினேன். ஒரு கைப்பிடி சாம்பல் நிறப் பஞ்சு, அதில் தலைமுடி சுற்றி, நடுவில் பால் பாக்கெட்டின் வெட்டிய முனைகள் ஏழெட்டு. எல்லாவற்றையும் எடுத்த பிறகு பக்கெட் தண்ணீர் நிற்காமல் இறங்கியது. கீழே போய்ப் பார்த்தேன், பைப் சாக்கடைச் சேம்பருக்குத்தான் போகிறது, கிணற்றுக்கு இல்லை. 2 இஞ்ச் பைப்பும் கிளாம்பும் வாங்கிவிட்டேன், ஞாயிற்றுக்கிழமை நிறுத்திவிட்டு எழுதுகிறேன்.