பெரியம்மா வீட்டு அட்டாலி

வாட்ஸ்அப் குழு: கோபி வீட்டு ஒறம்பரை (உறவினர்)

(பெரியப்பா காலமாகி இன்னும் வருசம் ஆகவில்லை. அண்ணனும் அக்காவும் பெரியம்மாவின் பிள்ளைகள். அப்பா என்று எழுதுவது என் அப்பா, பெரியப்பாவின் தம்பி. அத்தை அவர்கள் இருவருக்கும் தங்கை.)

வியாழன்

பெரியம்மா: எல்லோருக்கும் ஒரு சேதி. பத்து நாளாக அட்டாலியில் (பரணில்) இருந்ததை ஒவ்வொன்றாக இறக்கி ஆசாரத்தில் (கூடத்தில்) பரப்பி வைத்திருக்கிறேன். பால் எடுக்க வரும் தம்பிதான் ஏறி எடுத்துக் கொடுத்தான், நான் ஏறவில்லை. படம் அனுப்புகிறேன். யாருக்கு எது வேண்டுமோ ஞாயிற்றுக்கிழமை ராத்திரிக்குள் சொல்லிவிடுங்கள். மிச்சத்தைத் தேவைப்படுகிறவர்களுக்குக் கொடுத்துவிடப் போகிறேன்.

பெரியம்மா: 26 படங்கள்

அண்ணன் பெங்களூரு: அம்மா, இப்போது என்ன அவசரம்? அத்தனை பெரிய வீடு, அது பாட்டுக்கு ஓரமாகக் கிடக்கட்டும். அப்பா போய் இன்னும் வருசம் திரும்பவில்லை.

பெரியம்மா: அவசரம் ஒன்றும் இல்லை சாமி. எனக்கு 71 ஆகிறது. கையும் காலும் சொன்னபடி கேட்கிறபோதே செய்ய வேண்டிய வேலை இது. என் அம்மா, உங்க அமுச்சி, போனபோது நாங்கள் மூன்று பேரும் சேர்ந்து மூன்றே நாளில் அந்த வீட்டைக் காலி செய்தோம். எது யாருக்கு என்று சொல்ல ஆள் இல்லை. பித்தளை முழுக்க எடைக்குப் போனது. அம்மா பால் காய்ச்சுகிற போசிக்கு இரும்பில் காது வைத்திருக்கும். இரும்புக்கு எடை கழிக்க வேண்டும் என்று அந்தக் கடைக்காரர் சுத்தியலால் தட்டித் தட்டிக் காதைப் பெயர்த்தார். பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தச் சத்தம் இன்றைக்கும் என் காதில் இருக்கிறது. என் சாமானுக்கு அந்த நிலை வேண்டாம்.

அப்பா: நங்கை (அண்ணி) சொல்வது சரிதான். இருக்கிறபோதே, நம் கையாலேயே, இன்னாருக்கு என்று பார்த்துக் கொடுப்பதுதான் கொடுப்பது.

நான்: பெரியம்மா, சுவீடனில் இதற்கென்றே ஒரு சொல் இருக்கிறது, டோஸ்டேட்னிங். தான் போவதற்கு முன்னால் தன் சாமானைத் தானே ஒழுங்கு செய்து வைப்பது. பிள்ளைகள் தலையில் அந்தச் சுமை விழக் கூடாது என்று வயதானவர்கள் நிதானமாகச் செய்வார்களாம்.

அத்தை பல்லடம்: சாவைப் பற்றியெல்லாம் குழுவில் எழுதாதே கண்ணு, விடிந்தால் வெள்ளிக்கிழமை.

பெரியம்மா: எழுதட்டும் விடுங்க. எனக்கு அந்தச் சொல் பிடித்திருக்கிறது.

அக்கா கோவை: அம்மா, எனக்கு முறுக்குப் பிழிகிற பித்தளைக் குழல் மட்டும் போதும். எங்கள் வீட்டில் இரண்டு அறைதான். ஆசை இருக்கிறது, வைக்க இடம் இல்லை. அப்பாவின் மாத்திரை டப்பாவை மட்டும் யாருக்கும் கொடுத்துவிடாதீர்கள். சர்க்கரைக்கு இதுதானே என்று பக்கத்து வீட்டில் கேட்பார்கள், கொடுக்கவே கூடாது. பிரித்த இன்சுலின் சுமார் 28 நாளைக்குத்தான், அதற்கு மேல் பயன் இல்லை. ஊசிகளைக் கெட்டியான பிளாஸ்டிக் பாட்டிலில் போட்டு மூடி வையுங்கள், நான் எடுத்துப் போய் எங்கள் ஆஸ்பத்திரியில் சேர்த்துவிடுகிறேன். குப்பை அள்ளுகிற அம்மா கையில் குத்திவிடும்.

பெரியம்மா: சரி அம்மிணி. கட்டிலையும் ஏர் பெட்டையும் என்ன செய்யலாம்?

அக்கா கோவை: அதுதான் முதலில் போக வேண்டிய சாமான். அந்த மோட்டார் ஒரு வரிசைக் குழாயில் காற்றை ஏற்றும், அடுத்த வரிசையில் இறக்கும். உடம்பில் ஒரே இடத்தில் அழுத்தம் விழாததால்தான் அப்பாவுக்கு ஏழு மாதத்திலும் படுக்கைப் புண் வரவில்லை. புதிதாக வாங்க முடியாத வீட்டில் அது எவ்வளவு பெரிய உதவி என்று தினமும் பார்க்கிறேன். சோப்புத் தண்ணீரில் துடைத்து, கிருமிநாசினி போட்டு, நிழலில் நன்றாகக் காயவைத்துக் கொடுங்கள். மோட்டார் ஓடுகிறதா என்று ஒரு ராத்திரி போட்டுப் பாருங்கள்.

அப்பா: எங்கள் வீதி முக்கில் ஒருவர் பக்கவாதம் வந்து படுத்திருக்கிறார். கட்டில், ஏர் பெட், வாக்கர் மூன்றையும் அங்கே கொடுக்கலாம். ஒன்றே ஒன்று சொல்லிக் கொடுப்போம். அவர்களுக்குத் தேவை முடிந்ததும் திருப்பித் தர வேண்டாம், அடுத்து வேண்டியவருக்குக் கொடுத்துவிடட்டும்.

வெள்ளி

அத்தை பல்லடம்: நங்கை, மூன்றாவது படத்தில் இருப்பது எங்க அம்மாவுடைய அண்டாதானே?

பெரியம்மா: ஆமாம். என் மாமியார் அத்தையுடையதுதான். விளிம்புக்குக் கீழே அவர்கள் பேரும் 1961 என்றும் புள்ளி புள்ளியாக வெட்டியிருக்கிறது. புளி போட்டுத் தேய்த்ததும் எழுத்து எழுந்து வந்தது.

அத்தை பல்லடம்: அதையும் கொடுக்கப் போகிறீர்களா?

பெரியம்மா: மாரியம்மன் கோயில் மடப்பள்ளியில் பெரிய பாத்திரம் இல்லை என்று கேட்டார்கள். உங்களுக்கு வேண்டும் என்றால் உங்களுக்குத்தான். அதற்காகத்தானே முதலில் குழுவில் போட்டேன்.

(அத்தை மத்தியானம் வரை பதில் போடவில்லை.)

அப்பா: துணி விசயத்தில் ஒன்று சொல்லிவிடுகிறேன். 2004 டிசம்பரில் சுனாமி வந்தபோது நம் பக்கத்திலிருந்து லாரி லாரியாகத் துணி போனது. நானும் ஒரு லாரியில் போனேன். நாகப்பட்டினத்தில் சாலை ஓரமெல்லாம் துணிக் குவியல். கிழிந்தது, சாயம் போனது, பட்டன் இல்லாதது. எல்லாம் இழந்து நிற்கிற சனம் அதைத் தொடக்கூட இல்லை. தொடுவார்களா? நான் தலை குனிந்துதான் திரும்பி வந்தேன். நாம் உடுத்திக்கொண்டு கடைவீதிக்குப் போகத் தயங்குகிற துணியை இன்னொருத்தருக்குக் கட்டி அனுப்பக் கூடாது. துவைத்து, தேய்த்து, பட்டன் வைத்துத்தான் கொடுக்க வேண்டும்.

அண்ணன் பெங்களூரு: கூஞ்ச் அமைப்பு அந்தச் சுனாமித் துணிகளைத்தான் பிரித்துப் பயன்படுத்தியது என்று படித்தேன் சித்தப்பா. 1999-இல் அன்ஷு குப்தா டெல்லியில் தொடங்கியது. 2015-இல் அவருக்கு மகசேசே விருது கிடைத்தது. உடுத்த முடியாத பருத்தித் துணியைக்கூட வீணாக்காமல் சுத்தம் செய்து மாதவிடாய்த் துணியாகத் தைத்துக் கிராமங்களுக்குக் கொடுக்கிறார்கள். அம்மாவின் பழைய காட்டன் சேலைகளை நான் இங்கே கொண்டுவந்து சேர்த்துவிடுகிறேன்.

பெரியம்மா: சேலைக்கு வழி பிறந்தது. அப்பா சட்டை 14 இருக்கிறது. தோட்டத்தில் மஞ்சள் வேக வைக்க வருகிற ஆட்கள் கேட்டார்கள், அவர்களுக்குத்தான். நேற்று தேய்க்கப் போடும் முன் ஒவ்வொரு பையாகத் துழாவினேன். பல் குத்துகிற குச்சி, பஸ் டிக்கெட், ஒரு கூலிக் கணக்கு. நீலக் கோடு சட்டையில் ஈரோடு மஞ்சள் மண்டிச் சீட்டு ஒன்று, நாலு மூட்டை விரலி, ஒரு மூட்டை கிழங்கு. பின்பக்கம் அவர் எழுத்தில் பென்சிலால் உரம், பல்பொடி, அப்புறம் "தம்பி செருப்பு 8" என்று இருக்கிறது. எத்தனை தடவை துவைத்தும் எப்படித் தப்பியது என்று தெரியவில்லை. யார் துணி கொடுத்தாலும் பையைப் பார்த்துவிட்டுக் கொடுங்கள்.

அண்ணன் பெங்களூரு: அம்மா, அந்தச் சீட்டு எனக்கு. அது ஒன்று போதும்.

நான்: பெரியப்பாவின் தகரப் பெட்டியை மட்டும் யாரும் தொடாதீர்கள். பழைய இதழ்கள், நாடக நோட்டீஸ், 1950-களின் கல்யாணப் பத்திரிகைகள் எல்லாம் அதில் கிடக்கின்றன. பேப்பர்காரருக்கு அது கிலோக் கணக்கு. ஆனால் கோட்டையூரில் பெயர்ப்பலகை எழுதிப் பிழைத்த ரோஜா முத்தையா இப்படிப்பட்டவற்றைத்தான் வாழ்நாள் முழுக்கச் சேர்த்தார். 1992-இல் அவர் காலமான பிறகு, 1994-இல் அந்தச் சேகரம் சென்னையில் ஆராய்ச்சி நூலகமாகவே ஆனது. அவர்களிடம் பட்டியல் எழுதிக் கேட்கிறேன். அவர்களிடம் இல்லாதது ஏதாவது நம் பெட்டியில் இருக்கலாம். கதைப் புத்தகங்களை ஊர் நூலகத்தில் முதலில் கேட்டுவிட்டுக் கொண்டு போவோம்.

பெரியம்மா: அவர் கண்ணாடி மூன்று இருக்கிறது.

அக்கா கோவை: லயன்ஸ் சங்கத்தில் பழைய கண்ணாடி வாங்குவார்கள் அம்மா. பவர் பார்த்துப் பிரித்து வேண்டியவர்களுக்குக் கொடுப்பார்கள். கூட்டோடு கொடுங்கள், கீறல் விழாது.

ஞாயிறு

அத்தை பல்லடம்: நங்கை, இரண்டு நாளாக யோசித்தேன். வேண்டாம் என்று சொல்ல மனசு வரவில்லை, வேண்டும் என்று சொன்னால் எங்கள் வீட்டிலும் அது அட்டாலிக்குத்தான் போகும். என் கல்யாணத்துக்கு அந்த அண்டாவில்தான் வெந்நீர் போட்டார்கள். மூடியை மட்டும் நான் வைத்துக்கொள்ளட்டுமா?

பெரியம்மா: மூடி இல்லாத அண்டாவைக் கோயிலுக்கு எப்படிக் கொடுப்பது? அத்தை அரிசி அளக்கிற அரைப்படி இருக்கிறது. அடியில் அவர்கள் கைபட்டுத் தேய்ந்து பள்ளமே விழுந்திருக்கிறது. அதை எடுத்துக்கொள்ளுங்கள். தினம் அரிசி போடுகிறபோது கையில் இருக்கும்.

அத்தை பல்லடம்: அரைப்படி இருக்கிறதா? அது எப்போதோ போய்விட்டது என்று நினைத்தேன். எனக்குத்தான் அது. அண்டா கோயிலுக்கே போகட்டும். பேரைச் சுரண்டச் சொல்வார்களா?

பெரியம்மா: பேர் அப்படியே இருக்கும், கேட்டுவிட்டேன். உபயம் என்று என் பேரைப் புதிதாக வெட்டவும் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

அப்பா: கொடுப்பதற்கு முன் ஈயம் பூச வேண்டும். உள்ளே பித்தளை தெரிகிறது. புளி, மோர் பட்டால் களிம்பு ஏறிக் கசந்துவிடும். முன்பெல்லாம் வீதிக்கே துருத்தியோடு வருவார்கள். இப்போது ஈரோட்டில் ஒரு பெரியவர் செய்கிறார், நான் எடுத்துப் போகிறேன்.

அத்தை பல்லடம்: வெள்ளீயம்தானா என்று பார்த்து வாங்குங்க அண்ணா. காரீயம் கலந்தால் நஞ்சு.

அப்பா: பக்கத்திலேயே நின்று பார்க்கிறேன். பாத்திரத்தைச் சூடு பண்ணி, நவச்சாரம் தூவி, ஈயத்தை உருக்கிப் பஞ்சால் ஒரே இழுப்பாக இழுப்பார். கண்ணாடி மாதிரி வரும்.

அத்தை பல்லடம்: அப்புறம் மற்ற பாத்திரம். எங்கள் வீதி லைன் வீடுகளில் ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் தறிக்கு வந்த குடும்பங்கள் இருக்கின்றன. ஒரு பையும் ஒரு போனும்தான் கொண்டு வருகிறார்கள். போன மாதம் நானாகவே இட்லிச் சட்டியைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அந்தப் பெண் மரியாதைக்கு வாங்கி வைத்துக்கொண்டாள். மறுநாள் தயங்கித் தயங்கிச் சப்பாத்திக் கட்டை இருக்கிறதா என்று கேட்டாள். எனக்கு அப்போதுதான் உறைத்தது. இந்தத் தடவை கேட்டு எழுதி வைத்திருக்கிறேன். வாணலி 2, சப்பாத்திக் கட்டை, தட்டு 6, பக்கெட், போர்வை. மிக்ஸி இருந்தால் ரொம்ப நல்லது என்றார்கள்.

பெரியம்மா: 2011-க்கு அப்புறம் அரசு கொடுத்த மிக்ஸி பெட்டி பிரிக்காமல் இருக்கிறது. ஓடுகிறதா என்று போட்டுப் பார்த்து அனுப்புகிறேன். சென்னிமலைப் போர்வை ஒன்பது இருக்கிறது, நாலு அவர்களுக்கு. மற்ற ஐந்து தாளவாடி மலைப் பிள்ளைகள் விடுதிக்கு, அங்கே மார்கழியில் குளிர் தாங்காது. ஆட்டாங்கல் மட்டும் பொடக்காளியிலேயே (கொல்லையிலேயே) இருக்கட்டும், அதை யாரும் கேட்கவில்லை, எனக்கும் கொடுக்க மனசில்லை.

வியாழன்

அப்பா: அண்டாவின் உள்பக்கப் படம்

அத்தை பல்லடம்: முகம் தெரிகிறதே அண்ணா.

பெரியம்மா: ஞாயிறு காலை 7 மணிக்கு மினி டெம்போ சொல்லியிருக்கிறேன். முதலில் கட்டில், அப்புறம் கோயில், அப்புறம் பல்லடம். அத்தையின் அண்டாவை மடப்பள்ளியில் இறக்குகிறபோது நீங்கள் பல்லடத்திலிருந்து வந்து கூட இருக்க வேண்டும், உங்கள் கையால்தான் கொடுக்க வேண்டும். ஏற்ற இரண்டு ஆள் வேண்டும்.

அத்தை பல்லடம்: சனிக்கிழமையே வந்துவிடுகிறேன்.

அண்ணன் பெங்களூரு: நான் சனி ராத்திரி பஸ் ஏறுகிறேன் அம்மா. அண்டாவை நானும் சித்தப்பாவும் தூக்குகிறோம்.

பெரியம்மா: வா சாமி. கயிறு எடுத்து வைத்திருக்கிறேன். சாப்பிட்டுவிட்டுத் தூக்கலாம்.