புதுப்பிப்பு: சார்டீனியாவின் லா பெலோசா கடற்கரைக்குப் போய் வந்தாச்சு

இத்தாலியின் சார்டீனியா தீவில், ஆல்கேரோ நகரில் தங்கிக்கொண்டு ஸ்டின்டினோ ஊர்ப் பக்கத்து லா பெலோசா கடற்கரைக்கு ஒருநாள் போய் வருவது சரிப்படுமா என்று முன்பு கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. தாராளமாகப் போகலாம். ஆனால் நுழைவுச்சீட்டை முதலில் எடுத்துவிடுங்கள். கோடையில் ஒரு நாளைக்கு 1500 பேரைத்தான் அனுமதிக்கிறார்கள். கட்டணம் 3.50 யூரோ, ஆன்லைனில் முன்பதிவு.

அப்புறம், பாய் கட்டாயம். துண்டை நேராக மணலில் விரிக்கக் கூடாது, அடியில் பாய் போட வேண்டும். ஈரத்துண்டு எவ்வளவு மணலை அள்ளிக்கொண்டு போகும் என்பதை அங்கே கண்ணால் பார்த்தேன். மாவு போன்ற வெள்ளை மணல், உதற உதற நூலிடுக்கில் ஒட்டிக்கொண்டே இருக்கிறது. இந்த விதியை நான் மனதார ஆதரிக்கிறேன். சார்டீனியாவில் மணலோ கிளிஞ்சலோ எடுத்துப்போனால் 500 முதல் 3000 யூரோ வரை அபராதம். குழந்தைகளிடம் முன்பே சொல்லிவையுங்கள்.

கடல் வெகுதூரம் இடுப்பளவுதான். எதிரே 16ஆம் நூற்றாண்டுக் காவல்கோபுரம், அதற்கப்பால் ஈசோலா பியானா என்ற குட்டித்தீவு, பின்னால் ஒரு காலத்தில் சிறைத்தீவாக இருந்த அசினாரா. இந்தத் தீவுகள் திறந்த கடலின் அலையைத் தடுப்பதால்தான் தண்ணீர் இவ்வளவு அமைதி. சிறுபிள்ளைகளுடன் வருபவர்களுக்கு இதைவிட நல்ல இடம் சொல்லத் தெரியவில்லை. மிஸ்ட்ரால் என்ற வடமேற்குக் காற்று பலமாக வீசும் நாளை மட்டும் தவிருங்கள், மணல் முகத்தில் அறையும்.

வண்டி நிறுத்தக் கட்டணம் தனி. நிழல் கிடையாது, குடையும் தண்ணீரும் எடுத்துப்போங்கள்.