கையும் குரலும் ஒத்துழைக்கவில்லை: தமிழில் தட்டச்சு செய்ய வழி?

எனக்கு ஏ.எல்.எஸ். நோய், அதாவது தசைகளை இயக்கும் நரம்புகள் படிப்படியாகச் செயலிழக்கும் நோய். போன வருடம் வலது கையில் தொடங்கியது. இப்போது இரண்டு கைகளிலும் பிடிமானம் இல்லை, பேச்சும் குழறுகிறது. ஒரு சிற்றிதழுக்கு மெய்ப்புப் பார்த்துத் தருகிறேன். அதை விட மனமில்லை.

விண்டோஸ் 11 மடிக்கணினியில் குரல்வழித் தட்டச்சு முதலில் சரியாகத்தான் இருந்தது. இப்போது 'பள்ளி' என்றால் 'பல்லி' என்று விழுகிறது. மெய்ப்புக்காரனுக்கு இதைவிடத் தண்டனை வேண்டுமா! திரை விசைப்பலகையை மவுஸால் இயக்கினால் மணிக்கட்டு சீக்கிரமே துவண்டுவிடுகிறது. அப்புறம் ஐபேடின் கண்ணசைவு வசதி. அது ஓரளவு கைகொடுக்கிறது, ஆனால் தமிழ் விசைகள் பொடிப்பொடியாக இருப்பதால் 'ற'வைப் பார்த்தால் பக்கத்து எழுத்து விழுகிறது. கண் தசைகளை இந்த நோய் பெரும்பாலும் நெடுநாள் விட்டுவைக்கும் என்பதால் அந்த வழியிலேயே போக நினைக்கிறேன்.

பெரிய விசைகளும் சொல் பரிந்துரையும் உள்ள, கண்ணசைவில் இயங்கும் தமிழ் விசைப்பலகை எதையாவது யாராவது பயன்படுத்துகிறீர்களா?