அம்மாவின் ரிப்போட்டில் உள்ள சொற்கள் விளங்கவில்லை, யாராவது சொல்லித் தாருங்கள் (பிஎம்ஐ, ஏ1சி, ட்ரைகிளிசரைட், கலோரி)

கொக்குவில்காரி:

எல்லோருக்கும் வணக்கம். அம்மாவுக்கு 61 வயது. போன கிழமை இரத்தம் சோதித்த ரிப்போட்டோடு கிளினிக்குக்குப் போனோம். அன்றைக்குச் சரியான சனம். டொக்டர் பார்த்துவிட்டு, "இன்னும் சலரோகம் இல்லை, ஆனால் கிட்ட வந்து நிற்கிறது, மாச்சாப்பாட்டைக் குறையுங்கள், நடவுங்கள் அம்மா" என்றார், அதற்குள் அடுத்த நம்பரைக் கூப்பிட்டுவிட்டார்கள். வீட்டுக்கு வந்து விரித்துப் பார்த்தால் எனக்கு ஒன்றுமே விளங்கவில்லை. இருப்பதை அப்படியே எழுதுகிறேன். வெறும் வயிற்றுச் சீனி 118, எச்பி ஏ1சி 6.2, எல்டிஎல் 124, எச்டிஎல் 38, ட்ரைகிளிசரைட் 212. உயரம் 152 சென்ரிமீற்றர், நிறை 63 கிலோ. கொப்பியில் பிஎம்ஐ 27.3 என்று எழுதிக் கீழே ஒரு கோடு இழுத்திருக்கிறார்கள்.

அன்றிலிருந்து அம்மா பயந்துபோய் மீன், முட்டை, தேங்காய் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டார். காலையிலும் இரவிலும் கிறீம் கிறேக்கர் பிஸ்கட்டும் பிளேன்ரீயும்தான். ஐந்து நாளில் 1.5 கிலோ இறங்கிவிட்டது, அதில் அவருக்குச் சந்தோசம், எனக்கு அவருடைய முகத்தைப் பார்க்கவே கவலையாக இருக்கிறது. கனடாவில் இருக்கிற மாமா கீற்றோ (மாச்சாப்பாட்டை நன்றாக வெட்டிக் கொழுப்பைக் கூட்டிச் சாப்பிடுகிற முறை) செய்யச் சொல்லி வாட்ஸ்அப்பில் ஒவ்வொரு நாளும் வீடியோ அனுப்புகிறார். பக்கத்து வீட்டு அன்ரி 16 மணித்தியாலம் சாப்பிடாமல் இருந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்கிறார். சலரோகத்துக்குக் குளிசை எடுக்கிற அப்பாவும் அம்மாவோடு சேர்ந்து அப்படி இருக்கப்போகிறாராம். அம்மாவுக்கு விளங்குகிற மாதிரி இந்தச் சொற்களை யாராவது சொல்லித் தந்தால் பெரிய உதவி.


கிளினிக்_அக்கா:

தங்கச்சி, நான் குடும்பநல உத்தியோகத்தராக இருந்து ஓய்வுபெற்றவள், இந்தக் கேள்வியை வீடு வீடாகக் கேட்டிருக்கிறேன். முதலில் அம்மாவை இருத்தி, வெட்டவேண்டியவற்றை வைத்துக்கொண்டு வெட்டக்கூடாதவற்றை வெட்டிவிட்டார் என்று சொல்லுங்கள்.

ஏ1சியில் இருந்து தொடங்குகிறேன், உங்கள் ரிப்போட்டில் அதிகம் பேசுகிற எண் அதுதான். வெறும் வயிற்றுச் சீனி அன்று காலை இரத்தத்தில் இருந்ததை மட்டும் காட்டும். முதல் நாள் இரவு பட்டினி கிடந்தால் அது நல்ல பிள்ளையாக நிற்கும். ஏ1சி அப்படி இல்லை. சிவப்பணுக்கள் ஏறக்குறைய 120 நாள் உயிரோடு இருக்கும், அவ்வளவு நாளும் இரத்தத்தில் ஓடுகிற சீனி அவற்றில் கொஞ்சம் கொஞ்சமாக ஒட்டிக்கொண்டே இருக்கும், அந்த ஒட்டின பங்கைத்தான் நூற்றுவீதமாகச் சொல்கிறார்கள். அதனால் அது இரண்டு மூன்று மாதத்துக் கணக்கு. 5.7க்குக் கீழே என்றால் சரி, 5.7இல் இருந்து 6.4 வரை சலரோகத்துக்கு முந்திய நிலை, 6.5 தொட்டால் சலரோகம். வெறும் வயிற்றுச் சீனிக்கு 100 தொடக்கம் 125 வரை அதே முந்திய நிலை. அம்மாவின் 6.2, 118 இரண்டும் ஒரே கதையைத்தான் சொல்கின்றன, டொக்டர் சொன்னதும் அதுதான். இந்த இடத்தில் நிற்கிறவர்கள் சாப்பாட்டாலும் நடையாலும் திரும்பி வரலாம், வந்தவர்களை நான் கண்ணால் கண்டிருக்கிறேன்.

பிஎம்ஐ என்பது நிறையை உயரத்தின் வர்க்கத்தால் பிரிப்பது. 63ஐ 1.52ஆல் பிரித்து, வருகிறதைத் திரும்பவும் 1.52ஆல் பிரியுங்கள், 27.3 வரும். உலகப் பொது அளவில் 25க்கு மேல்தான் கூடின நிறை, ஆனால் எங்களைப் போன்ற ஆசியர்களுக்கு அதைவிடக் குறைந்த பிஎம்ஐயிலேயே சலரோகமும் இருதய வருத்தமும் வருவதால் 23இலேயே கவனிக்கத் தொடங்கச் சொல்கிறார்கள். ஆனாலும் பிஎம்ஐக்குத் தசையும் கொழுப்பும் ஒன்றுதான், கொழுப்பு எங்கே இருக்கிறது என்று அதற்குத் தெரியாது. தோலுக்குக் கீழே இருக்கிறதைவிட வயிற்றுக்குள்ளே குடலையும் ஈரலையும் சுற்றி இருக்கிற கொழுப்புத்தான் கெட்டது. அதனால் தையல் நாடாவை எடுத்து இடுப்பை அளவுங்கள். சீலை கட்டுகிற இடத்தில் இல்லை. கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவில், மூச்சை மெல்ல விட்டபிறகு, நாடா இறுக்காமல் தோலில் பட்டும் படாமலும் இருக்கவேண்டும். எங்கள் பெண்களுக்கு 80 சென்ரிமீற்றருக்குக் கீழே, ஆண்களுக்கு 90க்குக் கீழே.

இனிக் கொழுப்பு. எல்டிஎல் கொலஸ்ரோலை ஈரலில் இருந்து உடம்பு முழுக்கக் காவிக்கொண்டு போகிறது, கூடினால் இரத்தக் குழாய்ச் சுவரில் படியும். எச்டிஎல் அதைத் திரும்ப ஈரலுக்கு ஏற்றிக்கொண்டு வருகிறது, பெண்களுக்கு 50க்குக் கீழே போகக்கூடாது, அம்மாவுக்கு 38தான். ட்ரைகிளிசரைட் வேறு ஆள். கொழுப்பு என்று பேர் இருப்பதால் எல்லோரும் எண்ணெயையும் முட்டையையும் குற்றம் சொல்வார்கள், ஆனால் சீனி, வெள்ளை மா, சோறு என்று தேவைக்கு மேலே போகிறதை ஈரல் கொழுப்பாக மாற்றி அனுப்புவதும் அதே கணக்கில்தான் ஏறும். 150க்குக் கீழே இருக்கவேண்டியது 212. அப்படி இருக்க மீனை நிறுத்திவிட்டு பிஸ்கட்டும் சீனித் தேத்தண்ணீரும் என்றால் அது இறங்காது பிள்ளை.

ஐந்து நாளில் போன 1.5 கிலோவில் கூடின பங்கு தண்ணீர். உடம்பு மாச்சத்தைக் கிளைகோஜன் என்று ஈரலிலும் தசையிலும் சேர்த்து வைக்கும், ஒரு கிராமோடு ஏறக்குறைய மூன்று கிராம் தண்ணீரும் சேர்ந்திருக்கும். சாப்பாடு குறைந்ததும் அது கரைந்து போகும், வடிவாகச் சாப்பிட்டதும் திரும்பி வரும். ஒரு கிலோ உடற்கொழுப்பு என்றால் ஏறத்தாழ 7700 கலோரி, அது ஐந்து நாளில் கரைகிற சாமான் இல்லை.


சைக்கிள்_அண்ணா:

அக்கா எழுதினது எல்லாம் சரி. நான் அப்பாவைப் பற்றி மட்டும் எழுத வந்தேன், தயவுசெய்து இதை இன்றைக்கே அவருக்கு வாசித்துக் காட்டுங்கள்.

நானும் சலரோகக்காரன், கிளிக்ளசைட் குளிசை எடுக்கிறேன். சில வருடத்துக்கு முதல் கந்தசஷ்டிக்கு ஒருவரிடமும் கேட்காமல் விரதம் பிடித்தேன். பழக்கத்தில் காலையில் குளிசையைப் போட்டுவிட்டேன், சாப்பாடு இல்லை, பதினொரு மணி வெயிலில் சைக்கிளில் ஆரியகுளம் சந்திப் பக்கம் போகும்போது கை நடுங்கத் தொடங்கியது. பிறகு சேர்ட் நனைகிற அளவுக்கு வியர்வை. வெயில் என்று நினைத்துக்கொண்டு உழக்கினேன். அப்புறம் முன்னால் வருகிற பஸ் இரண்டாகத் தெரிந்தது, அது மட்டும்தான் நினைவு. ஒரு கடைக்காரத் தம்பி பிடித்து இருத்தி, வாயில் சோடாவை ஊற்றியிருக்கிறார். மருந்துக்கடையில் குத்திப் பார்த்தபோது, சோடா குடித்த பிறகும் 52.

இதற்குப் பேர் ஹைப்போ, இரத்தச் சீனி 70க்குக் கீழே இறங்குவது. கிளிக்ளசைட், கிளிபென்கிளமைட் மாதிரியான குளிசைகளும் இன்சுலினும் நீங்கள் சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் சீனியை இறக்கிக்கொண்டே இருக்கும். மெற்போமின் தனிய எடுத்தால் இந்தப் பயம் குறைவு. அப்பா எதை எடுக்கிறார் என்று குளிசைப் பெட்டியைப் பாருங்கள், 16 மணித்தியாலமோ சஷ்டியோ எதுவானாலும் கிளினிக்கில் கேட்டு மருந்தை மாற்றிய பிறகுதான். அப்படி நடுக்கம் வந்தால் மூன்று தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கரைத்து உடனே குடிக்கவேண்டும், 15 நிமிடத்தில் திரும்பக் குத்திப் பார்க்கவேண்டும், அந்த நேரத்தில் சீனி மருந்துதான். ஆள் மயங்கிவிட்டால் வாயில் ஒன்றும் ஊற்றவேண்டாம், அந்தக் கடைக்காரத் தம்பி நல்லது நினைத்துத்தான் ஊற்றினார், ஆனால் அது மூச்சுக் குழாய்க்குள் போயிருக்கலாம் என்று பிறகு ஆஸ்பத்திரியில் சொன்னார்கள்.


பனங்காய்:

தேங்காய் எங்களுடைய பாட்டன் பூட்டன் சாப்பிட்டது, அவர்களுக்கு எந்த வருத்தமும் வரவில்லை. காலையில் வெறும் வயிற்றில் இரண்டு கரண்டி தேங்காய் எண்ணெய் குடித்தால் கொலஸ்ரோல் தானாக இறங்கும், கீற்றோவிலும் அதைத்தான் சொல்கிறார்கள்.


சூடைமீன்:

பனங்காய் அண்ணா, தேங்காயில் எனக்கும் பற்று இருக்கிறது, ஆனால் அந்த இரண்டு கரண்டிக்கு நான் உடன்படமாட்டேன். தேங்காய் எண்ணெயில் பத்தில் எட்டுப் பங்குக்கு மேல் நிறைவுற்ற கொழுப்பு, அது எச்டிஎல்லைக் கூட்டும், அதோடு எல்டிஎல்லையும் கூட்டும். பாட்டன் தோட்டத்தில் துலா மிதித்தார், மண்வெட்டி பிடித்தார், நாங்கள் கதிரையில் இருக்கிறோம். கொக்குவில் அக்கா, தேங்காயை அடியோடு விடவும் வேண்டாம், முதற்பாலைக் குறைத்து சொதியைக் கப்பிப்பாலில் வையுங்கள். பாலைப் பிழிந்தால் நார்ச்சத்துச் சக்கையோடு போய்விடும், சம்பலில் அது உள்ளேயே இருக்கிறது, அதனால் அளவான சம்பல் பரவாயில்லை.

கலோரி கேட்டிருந்தீர்கள். ஒரு கிலோ தண்ணீரை ஒரு பாகை செல்சியஸ் சூடாக்கத் தேவையான சக்திதான் சாப்பாட்டில் சொல்கிற ஒரு கலோரி, பக்கற்றில் அதைக் கிலோகலோரி என்று போடுவார்கள், இரண்டும் ஒன்றுதான். மாச்சத்தும் புரதமும் கிராமுக்கு 4, கொழுப்பு கிராமுக்கு 9. இப்போது அம்மாவின் பிஸ்கட் பக்கற்றைத் திருப்பி 100 கிராமுக்கு எவ்வளவு என்று பாருங்கள், 400க்கு மேல் இருக்கும். அவித்த சோறு 100 கிராமில் 130 அளவுதான், ஏனென்றால் சோற்றில் பாதிக்கு மேல் தண்ணீர், பிஸ்கட்டில் தண்ணீர் இல்லை என்றே சொல்லலாம், அதோடு எண்ணெயும் சேர்த்துச் சுட்டது. வருத்தக்காரருக்கு பிஸ்கட் கொடுப்பது எங்கள் ஊர்ப் பழக்கம், எனக்கு அதைப் பார்த்தாலே மனம் பொறுக்காது. பிளேன்ரீக்குச் சீனி எத்தனை கரண்டி என்றும் எண்ணுங்கள். நாலு கோப்பை, ஒவ்வொன்றுக்கும் இரண்டு கரண்டி என்றால் எட்டு, கரண்டி தட்டையாக இருந்தாலே 32 கிராம். உலக சுகாதார நிறுவனம் 25 கிராமுக்குள் நிற்பது நல்லது என்கிறது. இலங்கையில் சோடாப் போத்தல்களில் 2016இல் இருந்து நிற அடையாளம் இருக்கிறது, அது வந்தபோது 100 மில்லிலீற்றரில் 11 கிராமுக்கு மேல் சீனி என்றால் சிவப்பு என்று வைத்தார்கள்.

இன்னொரு சொல்லும் காதில் விழும், ஜிஐ. ஒரு சாப்பாடு இரத்தச் சீனியை எவ்வளவு வேகமாக ஏற்றுகிறது என்று குளுக்கோஸை 100 என்று வைத்து ஒப்பிடுவது, 55 வரை குறைவு, 70இல் இருந்து கூட. இதைப் பார்த்துவிட்டு வத்தகைப்பழம் கூடாது என்று ஒதுக்குவார்கள், ஆனால் ஒரு துண்டில் இருக்கிற மாச்சத்து மிகவும் கொஞ்சம். வேகமும் முக்கியம், அளவும் முக்கியம். குரக்கன் என்று பேர் கேட்டதும் தட்டு நிறையப் புட்டுப் போடுகிறவர்களும் இருக்கிறார்கள், பவுடர் மாதிரி நைசாக அரைத்த மா என்றால் அதுவும் விறுவிறென்று ஏற்றும். நீத்துப்பெட்டியில் பாதிக்கு மா, மீதிக்கு முருங்கையிலையும் தேங்காய்ப்பூவும் போட்டு அவியுங்கள், பக்கத்தில் சூடையோ சாளையோ குழம்பு வையுங்கள், அந்தத் தட்டே வேறு. ஒடியல் கூழுக்கும் அதே நியாயம்தான், மீன், பயற்றங்காய், பலாக்கொட்டை எல்லாம் உள்ளே இருக்கிறது, உப்பையும் புளியையும் மட்டும் பார்த்துப் போடவேண்டும்.

புரதத்தை விடவே வேண்டாம். கிலோவுக்கு 0.8 கிராம் என்று எடுத்தால் அம்மாவுக்கு நாளுக்கு 50 கிராம் வேண்டும், ஒரு முட்டையில் 6 தான். இந்த வயதில் பட்டினி கிடந்தால் கொழுப்போடு தசையும் போகும், சும்மா படுத்திருக்கும்போதும் உடம்பு எரிக்கிற சக்தி, பிஎம்ஆர் என்கிறார்களே, அதுவும் தசையோடு சேர்ந்து குறையும்.


கொக்குவில்காரி:

எல்லோருக்கும் எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. நேற்று இரவு அம்மாவுக்கு முழுவதையும் வாசித்துக் காட்டினேன். இடுப்பு 91 சென்ரிமீற்றர், நாடாவை அவரே பிடித்து எண்ணைத் தானே வாசித்தார். பிஸ்கட் பக்கற்றில் 100 கிராமுக்கு 440 இருந்தது, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு தரம் பார்த்தார். இன்று காலை முருங்கையிலைப் புட்டும் சாளைக் குழம்பும், தேத்தண்ணீருக்கு அரைக் கரண்டி. அப்பாவின் பெட்டியில் கிளிக்ளசைட்தான் இருந்தது, சைக்கிள் அண்ணா, நீங்கள் எழுதியிராவிட்டால் திங்கட்கிழமை தொடங்கியிருப்பார்.

அக்கா, ஒரே ஒரு கேள்வி. அடுத்த கிழமையே திரும்ப ஏ1சி எடுத்துப் பார்க்கலாமா? அம்மா அவசரப்படுகிறார்.


கிளினிக்_அக்கா:

வேண்டாம் பிள்ளை, காசுதான் செலவு. பழைய சிவப்பணுக்கள் இன்னும் ஓடிக்கொண்டிருக்கும், மூன்று மாதம் போகட்டும். அதற்கு முதல் அம்மாவின் ஹீமோகுளோபின் எவ்வளவு என்று கொப்பியில் தேடுங்கள், இரும்புச்சத்துக் குறைவு இருந்தால் ஏ1சி உள்ளதைவிடக் கூடிக் காட்டலாம், அதை டொக்டருக்குச் சொல்லவேண்டும். ஏ1சிக்கு வெறும் வயிறு தேவையில்லை, ஆனால் அதே நாளில் சீனியும் கொழுப்பும் பார்ப்பதென்றால் இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு தண்ணீர் மட்டும், காலைத் தேத்தண்ணீரும் கூடாது. இரத்தம் எடுத்ததும் சாப்பிட ஏதாவது கட்டிக்கொண்டு போங்கள். இடுப்பை மாதம் ஒருதரம் அதே நாடாவால், அதே இடத்தில் அளந்து கொப்பியின் பின்பக்கத்தில் எழுதி வையுங்கள்.